காட்டுமிராண்டி: சொற்பொருளும் அந்தமான் சான்றும்

காட்டுமிராண்டி என்னும் சொல் நாகரிகம் எய்தாதவனையும் கொடுமை செய்பவனையும் ஒருங்கே குறிக்கின்றது. ‘மிராண்டி’ இன்று தனித்து வழங்காமையால் பொருட்சுமை முழுவதும் முன்னிற்கும் ‘காடு’ என்பதன்மேல் ஏறிவிடுகிறது. சாதிக் கொலையையும் சிறைச் சித்திரவதையையும் காட்டுமிராண்டித்தனம் எனக் கண்டிப்பது பொதுவழக்கு. அவற்றைச் செய்வோர் ஊரிலும் நகரிலும் வாழ்வோர். பழியோ காட்டுக்குப் போய்ச் சேர்கின்றது.

இச்சொல்லைப் பெரிதும் ஆண்டவர் பெரியார். தமிழ்மொழியையே அவர் அவ்வாறு சாடியது நெடிய விவாதத்திற்குள்ளானது. அவரிடத்து இச்சொல் கடக்கவேண்டிய ஒரு காலத்தைச் சுட்டியது, இடப்பொருள் காலப்பொருளாயிற்று. மனிதகுல வரலாற்றைக் காட்டுநிலை, அநாகரிகநிலை, நாகரிகநிலை எனப் பகுத்த மார்கனின் ‘பண்டைச் சமூகம்’ (1877) இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. எனினும் இம்மாற்றத்தால் காட்டில் வாழ்வோர்க்கு விளைந்த நன்மை யாதுமில்லை. அயலார் எனப்பட்டோர் பிந்தியோரும் ஆயினர்.

இப்பார்வை நடைமுறையில் எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு அந்தமான் சான்றாகும். 1858இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியேற்றம் அமைந்தது. 1863இல் தீவின் தொல்குடியினரை நாகரிகப்படுத்தும் நோக்கில் ‘அந்தமான் இல்லம்’ நிறுவப்பெற்றது. மார்கனின் நூல் வெளிவந்த அதே 1877இல் தட்டம்மை பரவிப் பெரிய அந்தமானியர் திரளாக மாண்டனர். 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகள் செக்கிழுத்தனர். பதிவேடும் நேர ஒழுங்கும் உடைய ஓர் ஆட்சியின் செயல் அது. காட்டை மூலமாகக் கொண்ட ஒரு சொல்லால் அதனை எங்ஙனம் பெயரிடுவது?

பழந்தமிழ் வழக்கு இதனின் வேறானது. முல்லைப்பாட்டில் வரும் மிலேச்சர் அரசனின் பாசறைக் காவலர். சைகையால் பேசுவோராக அவர்கள் காட்டப்படுகின்றனர். அயன்மைக்கு அங்கு அடையாளம் மொழியேயன்றிக் கொடுமையன்று. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. கலம் உடைந்து கரையேறிய சாதுவனை ஆடையற்ற நாகர் உண்ண முனைகின்றனர். அவன் உயிர் தப்புவதற்குக் காரணம் அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையே. நாகர் தலைவன் கள்ளும் ஊனும் தந்து உபசரிக்கின்றான். சாதுவன் மறுக்க, அவன் நகைத்து, உடலை விட்டு நீங்கும் உயிர் எத்தன்மையது என வினவுகின்றான். அறிவார்ந்த வினா அது. காப்பியம் நாகரை மனிதரை உண்போராகக் காட்டுவதும், அறம் உரைக்கும் உரிமையை வணிகனுக்கே தருவதும் உண்மையே. ஆயினும் வினவும் வாயை அது அவர்களிடமிருந்து பறிக்கவில்லை. முதலாம் இராசேந்திரன் மெய்க்கீர்த்தி கூறும் மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரை, இந்நாகர் மலையோடு இணைப்போர் உளர். அவ்விணைப்பு ஐயத்திற்குரியது எனினும் கதையின் பெறுமானம் அதனைச் சார்ந்ததன்று.

காட்டுமிராண்டி என்னும் சொல் இவ்வுரையாடலுக்கு இடம் தருவதில்லை. அப்பெயரால் சுட்டப்படுவோனுக்கு மொழி உண்டு என்ற நினைவே அதில் இல்லை. ‘ஜாரவா’ என்னும் பெயருங்கூட அயலார் எனப் பொருள்பட அண்டைக் குடியினர் இட்டதே. அம்மக்கள் தம்மை ‘அங்’ என்பர். ஆட்சிமொழியிலும் ‘பழமைநிலைப் பழங்குடிக் குழுக்கள்’ என்ற பெயர் 2006இல் ‘எளிதில் நலிவுறும் பழங்குடிக் குழுக்கள்’ எனத் திருத்தப்பெற்றது. ஆயினும் 2012இல் வெளியான காணொளிகள், ஜாரவாப் பெண்டிரை உணவு காட்டி ஆடச்செய்த காட்சியை உலகறியச் செய்தன. ஆடச்செய்தோர் காட்டுக்கு வெளியிலிருந்து வந்தோர்.

பெரிய அந்தமானிய மொழிகளுள் ஒன்றான ‘போ’வின் இறுதிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். அன்விதா அபி தொகுத்த பெரிய அந்தமானிய மொழி அகராதி 2012இல் வெளிவந்தது. தமிழர் பலர் குடியேறி வாழும் தீவுகள் இவை. சாதுவன் நாகர் மொழியைக் கற்றது போல இத்தீவு மொழியொன்றைக் கற்று, அதன் சொற்களைத் தமிழ் வழியே தொகுத்துத் தரும் பணி தமிழ்த் துறைகளின் ஆய்வுப் பட்டியலில் இடம்பெறத் தக்கது.