கலப்பு என்னும் சொல்

நூம்பலில் வீடு கட்டும் கொத்தனாரைக் கேளுங்கள், தோழர்களே! கான்கிரீட்டுக்குச் சிமெண்டு 1 பங்கு, மணல் 2, ஜல்லி 4 என்பார். தனித்தனியே கிடந்தால் குவியல். நீர் விட்டுக் கலந்தால் கற்பாறை!

கலத்தல் என்ற வினையைத் தமிழன் எங்கெல்லாம் ஆண்டிருக்கிறான்! கூடிப் பேசினால் கலந்துரையாடல், விழாவுக்குச் சென்றால் கலந்துகொள்ளல், அடித்துக்கொண்டால்கூடக் கைகலப்பு! (பகையிலும் கலப்பை விட்டானில்லை.) முன்பின் அறியாத இருவர் நெஞ்சம் ஒன்றானதைக் குறுந்தொகை 40ஆம் பாடலில் சொல்ல வந்த செம்புலப்பெயனீராரும் இவ்வினையையே எடுத்தார். உறவில்லை என்பதே அங்கே காதலுக்குப் பெருமை.

அத்தகைய சொல் திருமணத்தின் முன் வந்து நின்றதும் ஊர் முகஞ்சுளிப்பதேன்? மிளகில் பப்பாளி விதையைச் சேர்த்தால் கலப்படம். அதற்கு 1954இல் தடைச் சட்டம் வந்தது. இன்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிளகு வேறு, பப்பாளி விதை வேறு. மணமக்கள் அப்படி இருவேறு சரக்குகளா? இரத்தம் கலந்துவிட்டதெனச் சொல்லித்தானே ஆணவக் கொலைக்கு அரிவாள் தூக்குகிறார்கள்! கலப்புத் திருமணம் என்று எழுதும்போதே மற்றவை தூயவை என்று ஒப்பிவிடுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அரசு நிதி வழங்கும் நற்றிட்டமும் இச்சொல்லையே சுமக்கிறது. திட்டம் வாழ்க, பெயர்ப்பலகை மாறட்டும்!

சாதி மறுப்புத் திருமணம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அது மணமக்கள் செய்ததைச் சொல்கிறது. முன்னதோ அவர்கள் எங்கே பிறந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. மாணவர் கட்டுரையில் முன்னதைக் கண்டால் சிவப்பு மையால் அடித்துப் பின்னதை எழுதுகிறோம்.