கருநிறப் பெயர்களும் வேர்ச்சொல் ஆய்வின் எல்லையும்

ஆப்பிரிக்க மக்களைக் குறிக்கத் தமிழில் காப்பிரி, காப்பிலி, ஹப்ஷி, சித்தி, நீக்ரோ, மூர் எனப் பல பெயர்கள் வழங்கி வந்துள்ளன. இவை அனைத்தும் தோலின் நிறத்தைக் குறிக்கும் சொற்கள் என்றே பலரும் கருதுகின்றனர். இவற்றில் ஐயமின்றி நிறப்பெயர் என்று சொல்லத்தக்கது நீக்ரோ ஒன்றே. மற்றவை சமயம், நாடு, பதவி ஆகியவற்றைக் குறித்துப் பிறந்தவை, அல்லது இன்றும் பிறப்பு உறுதிப்படாதவை. இப்பெயர்களுக்கு வேர் காட்டும் முறைகளையும், அந்த வேர்களைக் கொண்டு மக்களின் வரலாற்றை எழுதும் பழக்கத்தையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஒலி ஒற்றுமையும் சான்றும்

ஒரு பெயருக்கு வேர் காண்பதில் உள்ள இடர்ப்பாட்டைச் செஞ்சிப் பகுதியிலுள்ள தளவானூரைக் கொண்டே விளக்கலாம். அங்குள்ள குடைவரைக் கோயில் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் குடையப்பட்டது. அதன் பெயர் சத்ருமல்லேசுவராலயம். சத்ருமல்லன் என்பது அம்மன்னனின் விருதுப்பெயர். இச்செய்தியைக் கோயிலிலுள்ள கல்வெட்டே கூறுவதால் இங்கு ஊகத்துக்கு இடமில்லை.

ஊர்ப்பெயரின் நிலை வேறு. தளவு என்பது முல்லை வகைகளுள் ஒன்று. அதனைக் கொண்டு தளவானூர் முல்லை பூத்த ஊர் என்று ஒருவர் சொல்லலாம். தளவாய் என்னும் படைத்தலைவர் பதவியோடு இணைத்து மற்றொருவர் சொல்லலாம். இரண்டும் காதுக்குப் பொருந்துகின்றன. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க இயலாது. பழைய எழுத்து வடிவங்களைக் காட்டாதவரை இரண்டுமே ஒலி ஒற்றுமை என்ற அளவில் நின்றுவிடும்.

ஆப்பிரிக்கப் பெயர்களிலும் இதே நிலைதான். சூடான் என்ற நாட்டுப் பெயரைத் தமிழ்ச் 'சூடு' என்பதோடு இணைப்பது எவருக்கும் எளிது. ஆனால் அது 'கறுப்பர்களின் நாடு' எனப் பொருள்படும் 'பிலாத் அஸ்-சூதான்' என்ற அரபுத் தொடரின் சுருக்கம் என்பது அரபு நூல்களில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. வெப்பத்துக்கும் அச்சொல்லுக்கும் தொடர்பில்லை.

பெயர்களின் பிறப்பு

காப்பிரி: 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லுக்கு மறைப்பவன், அதாவது இறைவனை ஏற்காதவன் என்பது பொருள். அரபு வணிகர் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இசுலாத்தைத் தழுவாத மக்களை இவ்வாறு அழைத்தனர். போர்த்துகீசியர் அதனைக் 'காஃப்ரெ' என்று எடுத்துக்கொண்டு இந்தியக் கடற்கரைகளுக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்தனர். தமிழில் காப்பிரி, காப்பிலி என்றும் சிங்களத்தில் காபிரி என்றும் அது வழங்கியது. சமயத்தைக் குறித்த சொல் கடல் கடந்தபின் நிறத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று.

ஹப்ஷி: எத்தியோப்பிய மேட்டுநிலத்தையும் அதன் மக்களையும் குறித்த 'ஹபஷ்' என்பதிலிருந்து வந்தது. இப்பெயர் பழைய தென் அரேபியக் கல்வெட்டுகளில் உள்ளது. நான்காம் நூற்றாண்டில் அக்சும் மன்னன் எசானா பொறித்த பன்மொழிக் கல்வெட்டில், கிரேக்கப் பகுதி 'எத்தியோப்பியர்' என்று சொல்லும் இடத்தில் உள்நாட்டு மொழிப் பகுதி இப்பெயரைச் சொல்கிறது. அரபு அகராதியாளர் இதனைக் 'கூட்டம், கலப்பு' என்ற பொருளுடைய வேரோடு இணைத்தனர். அது பின்னாளில் பொருத்திய விளக்கமாகலாம் என்ற ஐயம் உண்டு.

சித்தி: 'என் தலைவர்' எனப் பொருள்படும் அரபு மரியாதைச் சொல்லின் திரிபு என்பது பெரும்பான்மைக் கருத்து. தமிழில் சிற்றன்னையைக் குறிக்கும் சித்தியோடும் யோக சித்தியோடும் இதற்கு ஒலி ஒற்றுமை மட்டுமே உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய பிஜப்பூர் அரசில் ஆப்பிரிக்க வழியினர் பலர் உயர்பதவி வகித்தனர். 1678இல் அவர்களுள் ஒருவரான சித்தி மசூத் அந்நாட்டின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்றார். இவர்களுக்கு அப்பெயர் பட்டமாக விளங்கியது.

எத்தியோப்பியர்: 'எரிந்த முகத்தினர்' என்ற கிரேக்கப் பொருள் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. கிரேக்கரே தமக்குப் பழகாத ஒரு பெயருக்கு ஏற்றிய பொருள் இது என்று ஐயுறும் மொழியியலாளரும் உள்ளனர். ஓமரின் காவியத்தில் எத்தியோப்பியர் உலகின் இரு விளிம்புகளிலும் வாழ்பவர்கள். எரோடோட்டசு, நேரான முடியுடைய கிழக்கு எத்தியோப்பியர் பாரசீகப் படையில் இந்தியரோடு அணிவகுத்ததாக எழுதுகிறார். ஆகவே இச்சொல் வரும் பழைய குறிப்பு ஒவ்வொன்றையும் ஆப்பிரிக்கா பற்றிய குறிப்பாகக் கொள்ள முடியாது.

மூர் என்ற பெயரும் இலங்கைச் சோனகரும்

வேர்ச்சொல் விவாதம் ஒரு சமூகத்தின் உரிமையோடு மோதிய இடம் இலங்கை. வடமேற்கு ஆப்பிரிக்க மக்களை உரோமர் 'மௌரி' என்றனர். கிரேக்கத்தில் 'மௌரோசு' என்றால் கருமை. நிறத்திலிருந்து இனப்பெயர் வந்ததா, இனப்பெயரிலிருந்து நிறச்சொல் வந்ததா என்பது முடிவாகவில்லை. 'மேற்கத்தியர்' என்ற பொருளுடைய செமித்தியச் சொல்லே மூலம் என்று 17ஆம் நூற்றாண்டில் பொஷார் என்ற பிரெஞ்சு அறிஞர் கூறினார். பின்னர் ஐபீரியாவில் இப்பெயர் முஸ்லிம்கள் அனைவருக்கும் பொதுவாயிற்று. அப்பொருளிலேயே போர்த்துகீசியர் இலங்கை முஸ்லிம்களுக்கு அதனைச் சூட்டினர்.

அம்மக்களின் தமிழ்ப் பெயரான சோனகர் என்பதும் தொலைவிலிருந்து வந்ததே. அது யவனர் என்பதன் திரிபு. யவனர் முதலில் கிரேக்கரைக் குறித்துப் பின் அரபியரையும் குறித்தது.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். மறு ஆண்டு சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி நியமன இடம் கிடைத்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அரபு வம்சாவளியை வலியுறுத்தி மறுப்பு நூல் எழுதினார். பெயர்களின் பொருளும் இவ்விவாதத்தில் இழுக்கப்பட்டது. பெயரின் வேரை மட்டும் நம்பினால் அம்மக்கள் ஒரு பெயரால் கிரேக்கராகவும் மறுபெயரால் ஆப்பிரிக்கராகவும் ஆகிவிடுவர். இரண்டும் உண்மையன்று. பெயர் சூட்டியவர் யாரை முன்பு அறிந்திருந்தார் என்பதைத்தான் அவ்வேர்கள் காட்டுகின்றன.

திராவிட - ஆப்பிரிக்க ஒப்பீடு

செனகல் நாட்டின் குடியரசுத் தலைவரும் கவிஞருமான செங்கோர் 1970களில் திராவிடப் பண்பாட்டுக்கும் ஆப்பிரிக்கப் பண்பாட்டுக்கும் உறவுண்டு என்று வலியுறுத்தினார். டக்காரில் அதற்கான ஆய்வையும் ஊக்குவித்தார். அங்குப் பணியாற்றிய உபாத்யாயா இணையரும் க. ப. அறவாணனும் சொற்களையும் வழக்கங்களையும் ஒப்பிட்டு எழுதினர். இழிவாகக் கருதப்பட்ட கருநிறத்தைப் பெருமையாக மாற்றிய அம்முயற்சியின் நோக்கம் மதிப்புக்குரியது. முறையில்தான் குறை உள்ளது. ஆப்பிரிக்காவில் ஒன்றுக்கொன்று தொடர்பு நிறுவப்படாத பல மொழிக்குடும்பங்கள் உள்ளன. அவற்றிலிருந்து ஒத்தொலிக்கும் சொற்களைப் பொறுக்கித் தமிழுக்கு அருகில் அடுக்குவது உறவை நிறுவாது. முறையான ஒலி மாற்ற விதிகள் காட்டப்படாததால் மொழியியலாளர் இவ்வுறவை ஏற்கவில்லை. தோழமைக்கு மொழியுறவு கட்டாயமும் இல்லை.

மதிப்பீடு

காப்பிரி என்ற சொல்லின் இன்றைய நிலை, வேர்ச்சொல் ஆய்வு எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் காட்டுகிறது. இதே சொல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின் வசைச்சொல்லாகி, இன்று நீதிமன்றத் தண்டனைக்குரியதாக உள்ளது. 1860 முதல் தமிழர் குடியேறிய நாடு அது. ஆனால் இலங்கையின் புத்தளத்தை அடுத்த சிறம்பியடியில் ஆப்பிரிக்க வழியினர் இப்பெயரைத் தம் பெயராகவே கொண்டு, மஞ்ச இசையைத் தம் அடையாளமாகப் பேணுகின்றனர். கொச்சியின் மட்டாஞ்சேரியிலோ காப்பிரி முத்தப்பன் வழிபடப்படும் தெய்வம். ஒரே வேர் மூன்று இடங்களில் வசையாகவும் தன்பெயராகவும் தெய்வப்பெயராகவும் வாழ்கிறது. வேரை மட்டும் அறிந்தவர் இம்மூன்றில் எதையும் முன்னறிந்திருக்க முடியாது.

ஆகவே 'காப்பிரி என்றால் கருநிறத்தவர்' என்று மட்டும் எழுதுவது பிழையான விளக்கம். அரபுச் சமயச் சொல் என்பதையும் போர்த்துகீசியர் வழி வந்தது என்பதையும் வசையாக மாறிய வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புத்தளத்து மக்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் தம்மை அழைக்கும் பெயரைப் பயன்படுத்தலாம். பொதுவாக ஆப்பிரிக்கரைக் குறிக்க அச்சொல்லை எடுத்தாள்வதற்கு இன்று எந்த நியாயமும் இல்லை.