‘மதர்’ விளையாட்டுகளில் நாயகனின் தாய்

‘மதர்’ என்பது ஜப்பானிய எழுத்தாளர் ஷிகெசாத்தோ இதோய் உருவாக்கி, நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட மூன்று ரோல் பிளேயிங் விளையாட்டுகளின் வரிசை. இவை 1989, 1994, 2006 ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் வெளிவந்தன. இரண்டாவது விளையாட்டு 1995இல் அமெரிக்காவில் ‘எர்த்பவுண்ட்’ என்ற பெயரில் வெளியானது. வாளேந்திய வீரனுக்குப் பதிலாகப் பேஸ்பால் மட்டையோடு அலையும் சிறுவனை இதோய் நாயகனாக்கினார். பெயரில் தாய் இருந்தாலும் அவள் திரையில் தோன்றும் நேரம் மிகக் குறைவு. ஆனாலும் விளையாடியவர்கள் நெகிழ்ந்து நினைவுகூர்வது பெரும்பாலும் அவளைத்தான்.

இரண்டாம் விளையாட்டில் ஊருக்கு அருகே விண்கல் விழுந்த இரவில், வெளியே கிளம்பும் மகன் நெஸ்ஸை உடை மாற்றிக்கொண்டு போகச் சொல்லி அனுப்பிவிடுகிறாள் தாய். தந்தை தொலைபேசியில் மட்டுமே வருகிறார். வங்கிக் கணக்கில் பணம் போடுகிறார். பயணம் நீளும்போது நெஸ்ஸுக்கு ‘வீட்டு ஏக்கம்’ என்ற நோய் வரும். சண்டையின் நடுவே அவன் வீட்டை நினைத்து அடிக்காமல் நின்றுவிடுவான். மருந்துக்கடையில் இதற்கு மருந்து இல்லை. தாயிடம் தொலைபேசியில் பேசினால் குணமாகும். வீடு திரும்பினால், ஆட்டத்தின் தொடக்கத்தில் விளையாடுபவர் தட்டச்சு செய்த ‘பிடித்த உணவு’ தயாராக இருக்கும்.

மறைமலை நகர், ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வெளியூரிலிருந்து வந்து, நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து போனை எடுத்தால் மறுமுனையில் முதலில் வருவது “சாப்பிட்டியாப்பா?” என்ற கேள்விதான். அந்த ஒரு கேள்வியின் பலத்தை இதோய் சரியாகப் பிடித்திருக்கிறார்.

ஆனால் அங்கேயே ஒரு குறையும் இருக்கிறது. நெஸ்ஸின் தாய்க்குப் பெயரே கிடையாது. “நீ எப்படி இருக்கிறாய் அம்மா?” என்று கேட்க விளையாடுபவருக்கு வழி தரப்படவில்லை. அவளுடைய குரல் மகனைக் குணமாக்குகிறது, அத்தோடு அவள் வேலை முடிந்தது. விளையாடுபவர்களின் பாசம் உண்மையானதே. அது தன்னைத் தேற்றும் ஒருத்தியின் மீதுள்ள பாசம், அவளை அறிந்ததால் வந்ததல்ல.

மூன்றாம் விளையாட்டு இதைத் திருத்த முயல்கிறது. இது ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக வரவில்லை. ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வெளியானது. இதில் தாய்க்கு ஹினாவா என்று பெயர் உண்டு. அதை மாற்றி வேறு பெயரும் வைக்கலாம். சொந்தத் தாயின் பெயரை விளையாட்டாக வைத்தவரின் நிலைமை கொடியது, ஏனெனில் முதல் அத்தியாயத்திலேயே அவள் இறந்துவிடுகிறாள். செய்தி கேட்ட கணவன் ஃபிளின்ட் வெறிபிடித்து எரியும் கட்டையால் ஊராரைத் தாக்குகிறான். அந்த நேரம் அவனை நிறுத்த விளையாடுபவரால் முடியாது. இறுதியில் மகன் லூக்கஸ், அடையாளம் மறைக்கப்பட்ட தன் இரட்டைச் சகோதரனையே எதிர்கொள்கிறான். திருப்பி அடிக்கச் சொன்னாலும் அவன் அடிப்பதில்லை. இறந்த தாயின் குரல் இருவரையும் அழைக்க, சகோதரன் நினைவு திரும்பி லூக்கஸின் கையில் உயிர் விடுகிறான்.

தமிழ் வாசகருக்கு இங்கே கர்ணன் நினைவுக்கு வருவான். மேற்சொன்ன தொழில்தடம் அமைந்துள்ள காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரம் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும் நிலம். ‘கர்ண மோட்சம்’ அதில் புகழ்பெற்றது. அங்கும் உடன்பிறந்தவர்களே மோதுகிறார்கள். உண்மை தாயிடம் இருக்கிறது. வில்லிபாரதத்தில் கர்ணன் குந்தியிடம் கேட்பது, தான் களத்தில் விழுந்தால் பாலூட்டி, மகன் என்று உலகறியச் சொல்ல வேண்டும் என்பதே. வீழ்ந்த மகனைப் பார்த்து அவள் அழும்போது பார்ப்பவர்களும் அழுகிறார்கள், அவள் மேல் கோபப்படவும் செய்கிறார்கள். பிறந்த குழந்தையை ஆற்றில் விட்டவள், போர் வந்த பிறகு மற்ற பிள்ளைகளுக்காக வரம் கேட்கப் போனவள் அவள்.

ஹினாவாவிடம் அப்படிக் கோபப்பட ஒன்றுமில்லை. பிழையே செய்யாதவளாக அவளை வைத்திருப்பதால் அழுகை மட்டும் மிஞ்சுகிறது. போர் முடிந்து நீர்க்கடன் செலுத்தும் வேளையில் உண்மை அறிந்த தருமன், மறைத்ததற்காகத் தாயையே கடிந்துகொள்வது பாரதத்தில் உண்டு. இதோயின் பிள்ளைகளுக்கு அந்த உரிமை எந்த இடத்திலும் தரப்படவில்லை.