ஒரே ஒரு தோட்டா: மார்ட்டினி ஹென்றியைப் பார்த்து வாங்கும் கலை

2003-இல் காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனையில் அடைந்து கிடந்த துப்பாக்கிக் குவியலை அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள். நூறாண்டுத் தூசியும் கெட்டியாகிப்போன கிரீஸுமாக வெளியே வந்தவற்றில் மார்ட்டினி வகையும் ஏராளம். சாதாரணச் சேகரிப்பாளருக்கும் எட்டுகிற விலையில் அது கிடைக்கத் தொடங்கியது அப்போதுதான். 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கி அமெரிக்காவில் மத்திய சட்டப்படி பழம்பொருள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மான் பருவத்தில் காடேறுகிறவர்கள் இன்றும் உண்டு.

அதன் அழகு முழுவதும் ஒரே அசைவில் இருக்கிறது. விசைக்குப் பின்னாலுள்ள லீவரைக் கீழே தள்ளினால் அடைப்பானின் முன்பகுதி தாழும். சுட்ட கூடு பின்னால் தெறிக்கும். புதுத் தோட்டாவைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி லீவரை மேலே இழுத்தால் போதும், துப்பாக்கி தயார். வெளியே குதிரை கிடையாது. சுருள்வில்லும் ஊசியும் அடைப்பானுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. வலப்பக்கத்தில் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சிறு முள். துப்பாக்கி சுடத் தயாராக இருக்கிறதா இல்லையா என்பதை இருட்டில் விரலால் தடவியே சொல்லிவிடலாம். அமெரிக்கர் பீபாடியின் அடைப்பானைச் சுவிஸ்காரர் மார்ட்டினி திருத்தினார். குழலின் ஏழு வரிப்பள்ளங்கள் எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றியுடையவை. 1871-இல் பிரிட்டிஷ் படை இதை ஏற்றுக்கொண்டது.

தோட்டாவின் ஈயம் சுமார் 31 கிராம். கனம் அதிகம், வேகம் குறைவு. தூரம் கூடக்கூடக் குண்டு சரேலென்று தாழ்ந்துவிடும். அதனால் மானுக்குக் குறிவைப்பவர் நூறு கஜத்துக்குள் நெருங்கியாக வேண்டும். கரிமருந்துப் புகை கலைவதற்குள் இரண்டாவது வாய்ப்பும் போய்விடும். இத்துப்பாக்கியின் பெருமையே அந்தப் பொறுமையைக் கேட்பதுதான் என்று ரசிகர்கள் சொல்வது மிகையல்ல.

வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சிறுவனாக நைனிதால் கேடட் படையில் இருந்தபோது ஒரு .450 மார்ட்டினியை இரவல் பெற்றார். துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், காலிக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. தம் முதல் சிறுத்தையை அவர் வீழ்த்தியது அதைக் கொண்டுதான்.

வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது குழலின் உள்பக்கம். எண்ணெய்த் துணியை ஓட்டிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் விட்ட குழலில் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருக்கும். லீவரை மூடியபின் அடைப்பான் ஆடக் கூடாது. மேற்பூச்சு போயிருந்தால் பரவாயில்லை. பளபளவென்று தேய்த்து முத்திரையை அழித்த துப்பாக்கிதான் ஆபத்து. விக்டோரியாவின் கிரீடமும் தயாரித்த ஆண்டும் பொறித்த எழுத்து சீராக இருக்க வேண்டும். கைபர் கணவாய்ப் பட்டறைகளில் செய்த போலிகளில் ஆங்கில 'என்' எழுத்து இடவலம் மாறி இருப்பதுண்டு. நேபாளத்திலேயே கையால் செய்த ககேந்திரா துப்பாக்கி வேறு ரகம். வரலாற்றுக்காக வாங்கலாம், சுடுவதற்கு நம்பக் கூடாது.

இங்கே கதை வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி ஜவ்வாது மலைப் புள்ளிமானைச் சுடுவது குற்றம். அப்படித்தான் இருக்க வேண்டும். சுடக்கூடிய நிலையில் உள்ள துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும் 1959 ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. பழைய ஆயுதங்களை நேரில் பார்க்க ஆசைப்படும் அரக்கோணத்துக்காரர் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தைச் சுற்றி வரலாம்.

சேகரிப்பாளர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலோடு பழகியவர்களுக்கு அது உடனே புரியும். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பட்டைச்சாற்றில் பதனிட்ட தோலில் அமிலமும் இருக்கும். அழகான தோலுறைக்குள் பூட்டிவைத்த இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். துப்பாக்கியை மெல்லிய எண்ணெய் பூசித் திறந்த மரத்தாங்கியில் நிறுத்த வேண்டும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட வாரை அதற்கு மாட்டிப் பார்க்கும் ஆசை நியாயமானதே. பார்த்து முடித்ததும் கழற்றித் தனியே தொங்கவிட வேண்டும்.