நியர்: சொல்லின் பொருளும் தோற்றமும்

அண்மையைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று பெருவழக்காக உள்ள சொல் நியர். இதற்கு அகராதிகள் அருகில், பக்கத்தில், கிட்ட எனப் பொருள் தருகின்றன. பள்ளி இலக்கண நூல்கள் நியர், நியரர், நியரஸ்ட் என மூன்று வடிவங்களை அடுக்குகின்றன. இன்றைய வழக்குக்கு இது பொருந்தும். ஆனால் சொல்லின் வரலாற்றை இந்த அட்டவணை மறைத்துவிடுகிறது.

பழைய ஆங்கிலத்தில் அருகில் என்னும் பொருள் தந்த அடிச்சொல் நேஆஹ். அதன் ஒப்பீட்டு வடிவம் நேஆர். இதற்கு 'இன்னும் அருகில்' என்பது பொருள். 'எல்லாவற்றிலும் அருகில்' என்பதைக் குறித்த வடிவம் நேஹ்ஸ்ட். இம்மூன்றின் வழிவந்தவையே இன்றைய நை, நியர், நெக்ஸ்ட் ஆகிய சொற்கள். பழைய நோர்ஸ் மொழியில் இதற்கு இனமான சொல், வெறுமனே 'அருகில்' என்ற பொருளிலும் வழங்கியது. அதன் தாக்கமும் சேர, நியர் தன் ஒப்பீட்டுப் பொருளை இழந்து அடிச்சொல்லின் இடத்தைப் பிடித்தது. பின்னர் ஒப்பிடுவதற்குப் புதிய வடிவம் தேவைப்பட்டதால் நியரர் உருவானது. நை பழைய நடையில் ஒதுங்கியது. நெக்ஸ்ட் வரிசையைக் குறிக்கும் சொல்லாயிற்று.

அண்டை வீட்டாரைக் குறிக்கும் நெய்பர் என்ற சொல்லிலும் இந்த நேஆஹ் உள்ளது. அதனோடு குடியிருப்பவர் எனப் பொருள்படும் கெபூர் சேர்ந்து, 'அருகில் குடியிருப்பவர்' என்றானது.

வரலாற்றைக் காட்டி, நியரர் என்பது இருமுறை ஒப்பிடும் பிழை என்று வாதிட இடமுண்டு. அந்த வாதம் நிற்காது. லெஸ்ஸர் என்ற சொல்லும் அவ்வாறு உருவானதே. அதை எவரும் பிழை என்பதில்லை. சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளை விளக்க உதவும். அப்பொருளுக்கு ஆணையிட முடியாது.

ஆயினும் பிறப்பை அறிவதில் மாணவருக்குப் பயன் உண்டு. நியர், நெக்ஸ்ட், நெய்பர் ஆகியவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்பவர் மூன்று சொற்களைச் சுமக்கிறார். உறவை அறிந்தவர் ஒரே குடும்பமாக நினைவில் கொள்கிறார். தமிழருக்கு இது புதிதும் அன்று. அணுகுதல், நெருங்குதல் என்னும் பொருளுடைய அடு என்ற வினையிலிருந்தே அடுத்த, அடுத்தவர் ஆகிய சொற்கள் பிறந்தன. அண்மை வரிசையாவதும் அருகிலிருப்பவர் பெயராவதும் இரு மொழிகளிலும் தனித்தனியே நிகழ்ந்துள்ளன. அகராதிப் பொருளோடு நின்றுவிடும் பாடநூல்கள் தவறவிடுவது இந்தத் தொடர்பைத்தான்.