‘லிட்டரலி’ என்னும் ஆங்கில வினையடை: வழுவா, வழக்கா?

‘எழுத்து’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘லிட்டரா’வின் வழிவந்த ‘லிட்டரலி’ என்னும் ஆங்கில வினையடை, ‘நேர்பொருளில்’ என்பதைக் குறிப்பது. ‘சிரித்துச் சிரித்து லிட்டரலி செத்துவிட்டேன்’ என்னுமிடத்து அது மிகுதியையே உணர்த்துகிறது. இதனை இன்றைய இளைஞர் வழக்கின் சீர்கேடு என்பர். பிரான்சிஸ் புரூக் 1769இல் வெளியிட்ட ‘எமிலி மாண்டேகுவின் வரலாறு’ புதினத்திலேயே உருவகத்தோடு சேர்ந்த ஆட்சி உண்டு. ஃபௌலர் 1926இல் கண்டித்தும் வழக்கு நிற்கவில்லை.

கண்டிப்போர் ‘வெரி’யின் வரலாற்றை எண்ணுவதில்லை. ‘உண்மையான’ எனப் பொருள்பட்ட பழம் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து மிகுதிச்சொல்லாக நிலைபெற்றது அது. ‘ரியலி’, ‘ட்ரூலி’ ஆகியனவும் அவ்வழியினவே. தமிழில் ‘உண்மையிலேயே’ படும் பாடும் வேறன்று.

எனினும், அகராதியாளர் தரும் விளக்கமும் நிறைவளிப்பதாக இல்லை. மெரியம்-வெப்ஸ்டர் இவ்வாட்சிக்கு ‘ஏறத்தாழ’ என்னும் சாயலில் பொருள் தருகிறது. ‘ஏறத்தாழ செத்துவிட்டேன்’ என்பது கூற்றைத் தளர்த்தும், ‘லிட்டரலி’யோ இறுக்குகிறது. பேசுவோர் உருவகத்தை உருவகமென ஒப்புக்கொள்ள மறுப்பதிலேயே அதன் ஆற்றல் உள்ளது.

‘வெரி’யோடு முற்றும் ஒப்பிடவும் இயலாது. வினையடையாக அது ‘உண்மையாக’ என்னும் பொருளை இழந்துவிட்டது. ‘லிட்டரலி’க்கோ இரு பொருளும் உயிரோடுள்ளன. ‘வீட்டு உரிமையாளர் என்னை லிட்டரலி வெளியே தள்ளினார்’ என ஒருவர் சாட்சியம் அளித்தால், கை பட்டதா, வெளியேறுமாறு ஆணை மட்டும் வந்ததா? மொழிபெயர்ப்பாளர் ‘உண்மையிலேயே’ என எழுதினால் ஐயம் அப்படியே நிற்கும். ‘கைப்பட’ என எழுதினால், சாட்சி சொல்லாததையும் சொன்னதாக ஆகலாம்.