ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு, கரன்ட் எங்கே?

பிக்கப் வண்டியில் 12 வோல்ட் சாக்கெட் வேலை செய்யவில்லை என்றால், கையில் கிடைத்த ஒரு ஃபியூஸை மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் நேராக எலக்ட்ரீஷியன் கடைதான். இந்த இரண்டுக்கும் நடுவில் நாமே கண்டுபிடிக்கக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்கென்று விற்கும் மூன்று சாமான்களை வாங்கி, தோட்ட வேலைக்கு ஓடும் ஒரு பழைய டபுள் கேப் வண்டியில் சோதித்தேன்: டெஸ்ட் லேம்ப், டிஜிட்டல் மல்டிமீட்டர், கலர் கலராக ஃபியூஸ் அடுக்கிய ஒரு டப்பா.

வண்டி சோதனைக்கென்றே அமைந்தது. டேஷ்போர்டு சாக்கெட் முழுக்கச் செத்துக் கிடந்தது. பின் சீட்டுக்கான சாக்கெட்டில் போன் சார்ஜ் ஏறும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைச் செருகினால் லேசாக முனகி நின்றுவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் செருகும் பிளக்கைப் பாருங்கள். நிறைய பிளக்குகளில் முனை மூடியைத் திருகினால் உள்ளே ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். அது போயிருந்தால் சாக்கெட்டின் மேல் பழி போடக் கூடாது.

டெஸ்ட் லேம்ப் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் மாதிரி ஒரு கூர்முனை, பிடிக்குள் குட்டி பல்பு, வால் நுனியில் கிளிப். கிளிப்பை பாடி எர்த்தில் மாட்டிவிட வேண்டியதுதான். பிளேடு ஃபியூஸின் தலையில், நம்பருக்கு இருபுறமும், ஊசி நுழையும் அளவுக்கு இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியை ஆக்சஸரி நிலைக்குத் திருப்பி, இரண்டையும் தொட்டால் போதும். ஃபியூஸைப் பிடுங்கவே தேவையில்லை. இரண்டு புள்ளியிலும் பல்பு எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் கோளாறு அதற்கும் முன்னால், ரிலேயிலோ சாவி சுவிட்சிலோ. மூடியில் ஒட்டியிருக்கும் ஃபியூஸ் படம் வண்டியோடு ஒத்துப்போகாவிட்டாலும் கவலையில்லை. வரிசையாக எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே போய்விடலாம். மஞ்சள் உறை போட்ட ஒயர், கனெக்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது ஏர்பேக்.

டேஷ்போர்டு சாக்கெட்டின் நீல ஃபியூஸில், அதாவது 15 ஆம்ப், ஒரு புள்ளிதான் எரிந்தது. உடனே புதியதைப் போட்டால் அதுவும் போகும். ஃபியூஸ் சும்மா போவதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் சாக்கெட்டின் அடியில், நடுமுனையையும் சுற்றுச் சுவரையும் தொட்டபடி ஒரு ரூபாய்க் காசு. சில்லறை போடும் குழியைச் சாக்கெட்டுக்கு நேர் மேலே வைத்த புண்ணியவான் யாரோ! பழைய ஃபியூஸைக் கழற்றிய பிறகு, மூங்கில் குச்சியால் காசை நெம்பி எடுத்தாயிற்று.

புதிய ஃபியூஸுக்கு டப்பாவைத் திறந்தேன். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என்று கலர் எல்லாம் சரி. கம்பெனி பெயர் மட்டும் எதிலும் இல்லை. சந்தேகம் தட்டவே, நான்கு பழைய 60 வாட் ஹெட்லைட் பல்புகளைச் சேர்த்து ஒரே இணைப்பாக்கி, ஒரு 10 ஆம்ப் ஃபியூஸ் வழியாகப் பேட்டரியில் கொடுத்தேன். மொத்தம் சுமார் 20 ஆம்ப். தரமான பிளேடு ஃபியூஸ் தன் அளவின் இரு மடங்குக்கு 5 விநாடிக்குள் உருகிவிட வேண்டும் என்பது விதி. இது ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்கியது. பிளாஸ்டிக் வளைந்து வாடை வந்தது, கம்பி அப்படியே இருந்தது. ஃபியூஸ் உருகாவிட்டால் அடுத்து உருகுவது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர். அந்த டப்பாவை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பெயர் போட்ட நாலு ஃபியூஸைத் தனியாக வாங்குங்கள். 15 போன இடத்தில் 30 போடும் தைரியசாலிகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பின் சீட்டு சாக்கெட்தான் உண்மையான பரீட்சை. மல்டிமீட்டர் 12.4 வோல்ட் காட்டியது. டெஸ்ட் லேம்பும் பளிச்சென்று எரிந்தது. இரண்டுமே நல்ல சர்டிபிகேட் கொடுத்தும் கம்ப்ரஸர் ஓடவில்லை. மல்டிமீட்டர் கரன்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். டெஸ்ட் லேம்பின் குட்டி பல்பு கால் ஆம்ப் இழுத்தால் அதிகம். துருப்பிடித்த இணைப்பும் அந்த அளவைத் தாராளமாகக் கடத்திவிடும். கூடுதலாகக் கேட்டால்தான் கைவிரிக்கும். கடனும் அப்படித்தானே, நூறு ரூபாய் கேட்டால் எல்லாருமே நல்லவர்கள்.

எனவே 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்துச் சாக்கெட்டில் கொடுத்தேன். மங்கலாகச் சிவந்து எரிந்தது. அப்படியே விட்டு மீட்டரை வைத்தால் 7.6 வோல்ட். மீதி எங்கே போகிறது? பல்பு எரியும்போதே, மீட்டரின் ஒரு முனையைச் சாக்கெட்டின் சுவரிலும் மற்றதைப் பேட்டரி மைனஸிலும் வைத்தேன். எர்த் நன்றாக இருந்தால் கால் வோல்ட்கூடக் காட்டாது. காட்டியது 4.7. இந்த இடத்தில் மல்டிமீட்டர் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. டெஸ்ட் லேம்பால் இதைச் சொல்லவே முடியாது. ஒரே எச்சரிக்கை, சிவப்பு ஒயரை 10 ஆம்ப் துளையில் விட்டபடி வோல்ட் அளந்தால் மீட்டரே ஷார்ட் ஆகிவிடும்.

சீட்டுக்கு அடியில் எர்த் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். பல்பு வெள்ளையாக எரிந்தது, கம்ப்ரஸரும் ஓடியது. பெரிய டயருக்கென்று விற்கும் கனமான கம்ப்ரஸர் வாங்குவதானால், சாக்கெட்டில் செருகும் வகை வேண்டாம். நேரே பேட்டரியில் கிளிப் மாட்டும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.